எல்சி பற்றித் திருப்பூரில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி கம்பெனியில் பத்தொன்பது வருடமாக டாகுமெண்டேஷன் பார்க்கிறேன். புதிதாக ஏற்றுமதிக்கு வருகிறவர்கள், பையரோடு ஆர்டர் விவரம் பேசும் மெர்ச்சண்டைசர் வேலையில் சேர்ந்த பிள்ளைகள், வெளிநாட்டிலிருந்து மெஷின் இறக்கப் போகும் நிட்டிங் முதலாளிகள் என்று பலரும் என்னிடம் எல்சி பற்றிக் கேட்டதை இங்கே எழுதி வைக்கிறேன். உதாரணமெல்லாம் பனியனாக இருக்கும். முந்திரிக்கும் தேங்காய் நாருக்கும் விதி இதேதான்.

எல்சி என்றால் என்ன?

லெட்டர் ஆஃப் கிரெடிட். தமிழில் கடன் உறுதிக் கடிதம் என்பார்கள், இலங்கையில் நாணயக் கடிதம். ஹாம்பர்க்கில் இருக்கும் பையர் உங்களுக்கு முன்பின் தெரியாதவர். சரக்கு வராமல் பணம் தர அவர் யோசிப்பார், பணம் வராமல் சரக்கு அனுப்ப நீங்கள் யோசிப்பீர்கள். அப்போது பையருடைய பேங்க் நடுவே வந்து, "இன்னின்ன பேப்பர்களை இந்தத் தேதிக்குள் சரியாகக் கொடுத்தால் பணத்தை நான் தருகிறேன்" என்று உங்களுக்கு எழுதிக் கொடுக்கிறது. அதுதான் எல்சி. வாக்குக் கொடுப்பது பேங்க். பையர் நாளைக்கே திவாலானாலும் அந்த வாக்கு நிற்கும்.

நகரத்தார்கள் ரங்கூனிலும் பினாங்கிலும் கொழும்பிலும் கடை வைத்திருந்த காலத்தில் ஓர் ஊரில் எழுதிய உண்டியலுக்கு, அதாவது பணம் கொடுக்கச் சொல்லி எழுதும் சீட்டுக்கு, இன்னோர் ஊரில் பணம் கிடைத்தது. வாங்குகிறவரைத் தெரியாவிட்டாலும் கையெழுத்துப் போட்டவரைத் தெரியும் என்கிற நம்பிக்கைதான் அங்கேயும் வேலை செய்தது. எல்சியில் அந்தக் கையெழுத்தோடு ஒரு நிபந்தனைப் பட்டியலும் சேர்ந்து வருகிறது. தலைவலியெல்லாம் அந்தப் பட்டியலில்தான்.

பணம் எந்த வழியாக வருகிறது? யார் யார் இதில் இருக்கிறார்கள்?

ஒரு ஆர்டரை வைத்துப் பார்ப்போம். 48,000 டி-ஷர்ட், ஒன்று 3.20 டாலர், மொத்தம் 1,53,600 டாலர். பையர் ஹாம்பர்க்கில் தன் பேங்கிடம் போய் எல்சி திறக்கச் சொல்கிறார். அது இஷ்யூயிங் பேங்க். அந்த பேங்க், பேங்குகள் தங்களுக்குள் செய்தி அனுப்பும் ஸ்விஃப்ட் வழியாக எம்டி 700 என்கிற செய்தியை இந்தியாவில் இருக்கும் ஒரு பேங்குக்கு அனுப்புகிறது. இங்கே வாங்குவது அட்வைசிங் பேங்க். செய்தி உண்மையானதுதானா என்று பார்த்து உங்களிடம் கொடுப்பது அதன் வேலை. அட்வைசிங் பேங்க் கொடுத்துவிட்டதே என்பதற்காக அது பணத்துக்குப் பொறுப்பு என்று நினைக்க வேண்டாம். தபால்காரர் மாதிரிதான், ஆனால் கையெழுத்தைச் சரிபார்த்துக் கொடுக்கும் தபால்காரர்.

அப்புறம் நீங்கள் துணி ஓட்டி, சாயம் போட்டு, தைத்து, பெட்டி கட்டி, தூத்துக்குடியில் கப்பலேற்றுகிறீர்கள். இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பி.எல். (பில் ஆஃப் லேடிங், சரக்கை ஏற்றியதற்குக் கப்பல் கம்பெனி தரும் பேப்பர்), சர்டிஃபிகேட் ஆஃப் ஆரிஜின் (எந்த நாட்டுச் சரக்கு என்ற சான்று), எல்சி கேட்ட மற்ற பேப்பர் எல்லாவற்றையும் உங்கள் பேங்கில் கொடுக்கிறீர்கள். அவர்கள் பார்த்து ஹாம்பர்க்குக்குக் கூரியரில் அனுப்புகிறார்கள். அங்கே பேப்பர் சரியாக இருந்தால் பணம் வருகிறது, பையர் பேப்பரை வாங்கிக்கொண்டு போய்த் துறைமுகத்தில் சரக்கை எடுக்கிறார்.

பேங்க் சரக்கைப் பார்க்குமா?

பார்க்காது. இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்றை மட்டும் படிப்பதாக இருந்தால் இதைப் படியுங்கள். யுசிபி 600 என்கிற விதித் தொகுப்பின் 5வது பிரிவு பேங்குகள் டாகுமெண்டோடு மட்டுமே வேலை செய்கின்றன, சரக்கோடு இல்லை என்கிறது. 4வது பிரிவு, உங்களுக்கும் பையருக்கும் உள்ள ஒப்பந்தம் வேறு, எல்சி வேறு என்கிறது. தையல் முத்து முத்தாக இருந்தாலும் பேப்பரில் பிழை என்றால் பணம் நிற்கும். தையல் பிரிந்து கிடந்தாலும் பேப்பர் சரி என்றால் பேங்க் கொடுத்தாக வேண்டும்.

இதை எனக்குப் புரியவைத்தது நம் ஊர்ச் சரக்கு சம்பந்தப்பட்ட ஒரு பழைய வழக்கு. லண்டனில் ஹாம்ப்ரோஸ் பேங்க் டென்மார்க்கின் ஒரு எண்ணெய் ஆலைக்காக ஒரு எல்சி கொடுத்திருந்தது. சரக்கு சுமார் 1,400 டன் நிலக்கடலை, டன் 12 பவுண்ட் 2 ஷில்லிங் 6 பென்ஸ், எஃப்.ஓ.பி. மெட்ராஸ், அதாவது மெட்ராஸில் கப்பலேற்றிக் கொடுப்பது வரைக்குமான விலை. எல்சியில் சரக்கின் பெயர் "கோரமண்டல் கிரவுண்ட்நட்ஸ்", அதாவது நம் சோழமண்டலக் கரைக் கடலை. வந்த பி.எல்.லில் "மெஷினில் உரித்த நிலக்கடலைப் பருப்பு" என்று இருந்தது. கடலை வியாபாரத்தில் இருக்கிற எவருக்கும் இரண்டும் ஒன்றுதான் என்று தெரியும். பேங்க் மறுத்தது. 1942ல் இங்கிலாந்தின் மேல்முறையீட்டு நீதிமன்றம் பேங்க் செய்தது சரி என்றது. கடலைக்காரர்கள் தங்களுக்குள் என்ன பேர் சொல்லிக்கொள்கிறார்கள் என்று பேங்க்காரருக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை என்பது காரணம்.

இன்றைய விதி கொஞ்சம் இளகியிருக்கிறது. இன்வாய்ஸில் சரக்கின் விவரம் எல்சியோடு ஒத்துப்போக வேண்டும். மற்ற பேப்பர்களில் பொதுவான பெயர் இருந்தாலும், எல்சிக்கு முரணாக இல்லாவிட்டால் போதும். அந்தக் கடலை வழக்கு இன்றைக்கு வந்தால் வேறு மாதிரி முடியலாம். ஆனாலும் எங்கள் ஆபீஸில், எல்சியில் 45ஏ என்று எண் போட்ட கட்டத்தில் உள்ள சரக்கு விவரத்தை எழுத்து மாறாமல் இன்வாய்ஸில் அடிக்கிறோம். பையர் "காட்டன்" என்பதைத் தப்பாக அடித்திருந்தால் அதே தப்போடு அடிக்கிறோம்.

அப்படியானால் குப்பையை அனுப்பிவிட்டுப் பேப்பர் மட்டும் சரியாகக் கொடுத்துப் பணம் வாங்கிவிடலாமே?

அப்பட்டமான மோசடி என்றால் நீதிமன்றம் தடுக்கும். 1941ல் நியூயார்க்கில் வந்த ஒரு வழக்கை உலகம் முழுக்க இன்னும் காட்டுகிறார்கள். இந்தியாவிலிருந்து பிரஷ் செய்கிற ரோமம் அனுப்புவதாகச் சொல்லி, ஐம்பது பெட்டிகளில் மாட்டு முடியும் குப்பையும் நிரப்பி அனுப்பினார்கள் என்பது பையரின் புகார். புகார் உண்மையானால் பேங்க் பணம் தர வேண்டியதில்லை என்றது நீதிமன்றம்.

தரம் குறைவு, பேசியபடி இல்லை என்பது போன்ற சண்டைகள் இந்தக் கணக்கில் சேராது. 1960களில் ஃபராக்கா அணைத் திட்டத்துக்குக் கால்வாய் வெட்ட ஒப்பந்தம் எடுத்த சென்னை நிறுவனமான தாராபூர் அண்ட் கம்பெனி, சோவியத் நிறுவனத்திடம் எல்சி மூலம் இயந்திரங்கள் வாங்கியது. இயந்திரம் சொன்னபடி வேலை செய்யவில்லை என்று எல்சிப் பணத்துக்குத் தடை கேட்டு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனார்கள். உச்ச நீதிமன்றம் வரை போயும் தடை நிற்கவில்லை. எல்சியில் கை வைத்தால் நாட்டின் வெளிநாட்டு வர்த்தகத்துக்கே பாதிப்பு என்பது நீதிமன்றத்தின் கவலை. தரச் சண்டையைத் தனியாகப் போட்டுக்கொள்ளுங்கள், எல்சியை நிறுத்தாதீர்கள் என்பதுதான் அதற்குப் பிறகும் நம் நாட்டு நிலை.

யுசிபி 600 சட்டமா?

சட்டம் இல்லை. பாரிஸில் இருக்கும் சர்வதேச வணிக சபை, ஐசிசி, வெளியிடும் விதிகள். முதல் பதிப்பு 1933ல் வந்தது. இப்போதுள்ளது 2007 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கிறது, 39 பிரிவுகள். எல்சியில் 40இ கட்டத்தில் "யுசிபி" என்று குறிப்பிட்டதும் அது எல்லோரையும் கட்டுப்படுத்துகிறது. பழைய எல்சிகளில் "திரும்பப் பெறக்கூடியது" என்று ஒரு வகை இருந்தது. யுசிபி 600ல் எல்சி என்றாலே திரும்பப் பெற முடியாதது. நீங்கள் சம்மதிக்காமல் அவர்கள் மாற்றவோ ரத்து செய்யவோ முடியாது.

எல்சி வந்த அன்றைக்கு முதலில் எதைப் பார்க்க வேண்டும்?

எங்கள் ஆபீஸில் எல்சி வந்ததும் ஒரு பிரிண்ட் எடுப்பேன். ஒரு அடி ஸ்கேல், ஒரு சிவப்புப் பென்சில். ஸ்கேலை வரிக்குக் கீழே வைத்து, ஒவ்வொரு வரியிலும் "இதை என்னால் கொடுக்க முடியுமா, யாரிடமிருந்து வாங்க வேண்டும்?" என்று கேட்டுக்கொண்டு இறங்குவேன். முடியாது என்றால் வட்டம். நாலு பக்க எல்சிக்கு ஒன்றரை மணி நேரம் ஆகும். புரொடக்ஷன் ஆட்கள் "சரக்கு ரெடி பண்ணுவோம், அதெல்லாம் அப்புறம் பார்க்கலாம்" என்பார்கள். துணி வெட்டுவதற்கு முன் கேட்டால் பையர் அமெண்ட்மென்ட், அதாவது எல்சியில் திருத்தம், கொடுத்துவிடுவார். கப்பல் போன பிறகு கேட்டால் அதற்கு ஒரு விலை சொல்வார்.

அதிகமாக வட்டம் விழும் கட்டங்கள் இவை. 31டி: எல்சி எந்தத் தேதியில், எந்த ஊரில் காலாவதியாகிறது. ஊர் முக்கியம். ஜெர்மனி என்று இருந்தால் பேப்பர் அந்தத் தேதிக்குள் ஜெர்மனியில் உள்ள பேங்கின் மேசையில் இருக்க வேண்டும். கூரியர் தாமதம் உங்கள் தலையில். இந்தியா என்று மாற்றிக் கேளுங்கள். 44இ: ஏற்றும் துறைமுகம். பையர் பழைய எல்சியைப் பார்த்து "சென்னை" என்று போட்டிருப்பார், உங்கள் சரக்கு தூத்துக்குடியில் ஏறும். "இந்தியாவின் எந்தத் துறைமுகமும்" என்று வாங்கிவிட்டால் நிம்மதி. 46ஏவும் 47ஏவும் டாகுமெண்ட் பட்டியலும் கூடுதல் நிபந்தனைகளும். 47ஏவின் கடைசி வரிகளைத்தான் யாரும் படிப்பதில்லை, அங்கேதான் விஷயம் ஒளிந்திருக்கும்.

48,000 பீஸுக்கு எல்சி. கட்டிங்கில், செக்கிங்கில் போக 47,310 தான் தேறுகிறது. அனுப்பலாமா?

எங்கள் ஊரில் இந்தக் கேள்வி வராத வாரமில்லை. யுசிபியின் 30வது பிரிவு அளவில் 5 சதவீதம் கூடவோ குறையவோ இடம் தருகிறது என்று பலரும் கேள்விப்பட்டிருக்கிறார்கள். உண்மைதான். ஆனால் அந்தச் சலுகை கிலோ, மீட்டர், டன் கணக்கில் போகும் சரக்குக்கு. பீஸ் கணக்கிலும் பெட்டிக் கணக்கிலும் சொன்ன சரக்குக்குக் கிடையாது. நூல் அனுப்புகிறவருக்கு உண்டு, டி-ஷர்ட் அனுப்புகிறவருக்கு இல்லை.

அதனால் எல்சி திறக்கும்போதே அளவிலும் தொகையிலும் 5 சதவீதம் கூடுதல் குறைவு போடச் சொல்லுங்கள். இரண்டிலும் வேண்டும். அளவில் மட்டும் போட்டு, தொகையை 1,53,600 என்று இறுக்கி வைத்தால், 49,000 பீஸ் அனுப்பி 1,56,800க்கு இன்வாய்ஸ் போட முடியாது. "சுமார்" என்ற சொல் இருந்தால் 10 சதவீதம். எந்த எண்ணுக்கு முன்னால் அந்தச் சொல் இருக்கிறதோ அதற்கு மட்டும்.

தூத்துக்குடியிலிருந்து போகும் கண்டெய்னர் கொழும்பில் கப்பல் மாறுகிறது. எல்சியில் டிரான்ஷிப்மென்ட் கூடாது என்றிருக்கிறது. பிரச்சினையா?

கண்டெய்னரில் போனால், அது பி.எல்.லில் தெரிந்தால், பிரச்சினை இல்லை. எல்சி கூடாது என்று சொல்லியிருந்தாலும், கண்டெய்னர் சரக்குக்கு டிரான்ஷிப்மென்ட் நடக்கலாம் என்று குறிப்பிடும் பி.எல்.லை ஏற்றுக்கொள்ள வேண்டும் என்று 20வது பிரிவு சொல்கிறது. தூத்துக்குடிச் சரக்கில் நிறைய, ஃபீடர் என்கிற சின்னக் கப்பலில் கொழும்பு போய் பெரிய கப்பலுக்கு மாறுகிறது என்பதால் இந்த விதி நமக்கு ரொம்பத் தேவைப்படுவது. ஆனால் மொத்தப் பயணமும், அதாவது தூத்துக்குடியிலிருந்து ஹாம்பர்க் வரை, ஒரே பி.எல்.லில் இருக்க வேண்டும். டிரான்ஷிப்மென்டை அனுமதிக்கிறோம் என்று எல்சியிலேயே போட்டு வாங்கிவிட்டால் யாருக்கும் விதி எண் சொல்லி விளக்க வேண்டியதில்லை.

பையரின் ஆள் கையெழுத்துப் போட்ட இன்ஸ்பெக்ஷன் சர்டிஃபிகேட் கேட்கிறார்கள். சாதாரண விஷயம்தானே?

இல்லை. எனக்கு மிகவும் கவலை தருவது இந்த வரிதான். "எல்சி திறந்தவர் கையெழுத்திட்ட சர்டிஃபிகேட், அந்தக் கையெழுத்து எங்கள் பேங்கில் உள்ள மாதிரியோடு ஒத்திருக்க வேண்டும்" என்று சில எல்சிகளில் வரும். அதை ஏற்றுக்கொண்டால் பணத்தின் சாவியை மறுபடி பையர் கையில் கொடுத்துவிட்டீர்கள். விலை இறங்கினால், சீசன் படுத்தால், அவர் கையெழுத்துப் போடாமல் இருந்தால் போதும். பேங்க் சட்டப்படி தப்பித்துக்கொள்ளும். கையெழுத்து அவருடையதுதான், ஆனால் மாதிரியோடு ஒத்துப்போகவில்லை என்று மறுத்த கதையும் எனக்குத் தெரியும். அந்த மாதிரிக் கையெழுத்தை நீங்கள் ஒருநாளும் பார்க்க முடியாது.

பையருக்குத் தரத்தில் அக்கறை இருப்பது நியாயம். அதற்கு எஸ்ஜிஎஸ், பியூரோ வெரிடாஸ் போன்ற மூன்றாம் தரப்பு நிறுவனங்கள் இருக்கின்றன. அவர்கள் சர்டிஃபிகேட்டைப் போடச் சொல்லுங்கள். பையர் தன் ஆள்தான் பார்க்க வேண்டும் என்று பிடிவாதமாக இருந்தால், கண்டெய்னர் வாசலை விட்டுப் போவதற்கு முன் கையெழுத்தான ஒரிஜினல் உங்கள் கையில் இருக்கட்டும்.

இதே குடும்பத்தில் இன்னொரு வரி, "மூன்று ஒரிஜினல் பி.எல்.களில் ஒன்றை நேராகப் பையருக்கு அனுப்பு" என்பது. ஒரு ஒரிஜினலைக் காட்டினாலே சரக்கை எடுத்துவிடலாம், மற்ற இரண்டும் செல்லாமல் போகும். சரக்கு அவர் கையில், பேப்பர் இன்னும் பேங்கில். அந்த நேரத்தில் பேப்பரில் பிழை கண்டுபிடித்தால் உங்களிடம் பேரம் பேச ஒன்றும் மிச்சமிருக்காது.

தேதிகள் குழப்புகின்றன. எத்தனை தேதி?

மூன்று. கப்பலேற்றக் கடைசித் தேதி, அது பி.எல்.லில் உள்ள ஆன்போர்டு தேதியை வைத்துப் பார்க்கப்படும், ஃபேக்டரியை விட்டுக் கிளம்பிய தேதி இல்லை. இரண்டாவது, கப்பலேறிய நாளிலிருந்து எத்தனை நாளுக்குள் பேப்பரைக் கொடுக்க வேண்டும் என்பது. எல்சி எதுவும் சொல்லாவிட்டால் 21 நாள். சிலர் 7 நாள் என்று போடுவார்கள், பி.எல். கைக்கு வரவே நாலைந்து நாள் ஆகும் ஊருக்கு அது போதாது. மூன்றாவது, எல்சியே காலாவதியாகும் தேதி. 21 நாள் மிச்சமிருந்தாலும் இந்தத் தேதியைத் தாண்டக் கூடாது.

காலாவதித் தேதி பொங்கல் விடுமுறையில் விழுந்தால் அடுத்த பேங்க் வேலை நாள் வரை நேரம் உண்டு. கப்பலேற்றும் தேதிக்கு அந்தச் சலுகை இல்லை. பேங்க் ஸ்டிரைக் வந்தால்? விடுமுறை மாதிரிதானே என்று நினைத்து ஏமாந்தவர்கள் உண்டு. ஸ்டிரைக், கலவரம், வெள்ளம் போன்றவை 36வது பிரிவில் வருகின்றன. அப்படி பேங்க் மூடியிருந்த நாட்களில் எல்சி காலாவதியானால், திறந்த பிறகு பேங்க் பணம் தராது. ஸ்டிரைக் அறிவிப்பு பேப்பரில் வந்தால் நான் முதலில் எடுத்துப் பார்ப்பது எல்சி ரிஜிஸ்டரை.

எழுத்துப் பிழையெல்லாம் ஒரு குற்றமா?

அர்த்தம் மாறாத பிழை குற்றமில்லை. யுசிபியை எப்படிப் பேப்பரில் பொருத்திப் பார்ப்பது என்று ஐசிசி ஐஎஸ்பிபி என்ற ஒரு கையேடு வைத்திருக்கிறது. "மெஷின்" என்பதன் ஆங்கில எழுத்தில் ஒன்று மாறியிருந்தால் பரவாயில்லை என்று அதில் உதாரணமே இருக்கிறது. ஆனால் மாடல் 321 என்பதற்கு 123 என்று போட்டால் அது முரண். எழுத்துக்கு மன்னிப்பு உண்டு, எண்ணுக்கு இல்லை என்று பிள்ளைகளிடம் சொல்வேன். உங்கள் முகவரியும் பையர் முகவரியும் எல்சியில் உள்ளதுபோல் அப்படியே இருக்க வேண்டியதில்லை, அதே நாடாக இருந்தால் போதும். ஆனால் பி.எல்.லில் கன்சைனி (சரக்கைப் பெறுகிறவர்), நோட்டிஃபை பார்ட்டி (சரக்கு வந்ததும் தகவல் சொல்ல வேண்டியவர்) என்று பையர் முகவரி வரும் இடத்தில் எல்சியில் உள்ளபடியே வர வேண்டும்.

டிஸ்கிரிபன்சி, அதாவது பேப்பரில் பிழை, என்று பேங்கில் மறுத்துவிட்டார்கள். இனி என்ன?

முதலில் தேதியைப் பாருங்கள். பேப்பர் அவர்கள் கைக்கு வந்த நாளுக்கு மறுநாளிலிருந்து ஐந்து பேங்க் வேலை நாட்கள்தான் அவர்களுக்கு. அதற்குள், ஒரே நோட்டீஸில், என்னென்ன பிழை என்று எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும். பேப்பரை என்ன செய்கிறோம் என்பதையும் சொல்ல வேண்டும். ஆறாவது நாள் வந்த மறுப்பும், முதலில் ஒன்று சொல்லிவிட்டு அடுத்த வாரம் புதிதாகச் சேர்க்கும் இன்னொரு பிழையும் 16வது பிரிவின்படி செல்லாது. உங்கள் பேங்கை ஸ்விஃப்டில் பதில் போடச் சொல்லுங்கள். பல பேர் நோட்டீஸைப் பார்த்ததும் பயந்து நேராகப் பையரிடம் கெஞ்சப் போய்விடுகிறார்கள்.

நேரம் மிச்சமிருந்தால் பிழையைத் திருத்தி மறுபடி கொடுக்கலாம். பிழை உண்மையாகவே இருக்கிறது, தேதியும் தாண்டிவிட்டது என்றால் பையர் ஒப்புக்கொண்டால்தான் பணம்.

எனக்கே நடந்தது ஒன்று. வேலைக்கு வந்து மூன்றாவது வருடம். இன்வாய்ஸில் ஆர்டர் நம்பர் 4571 என்று இருக்க வேண்டும், நான் 4517 என்று அடித்துவிட்டேன். பேக்கிங் லிஸ்டிலும் அதிலிருந்தே காப்பி ஆகிவிட்டது. பேங்க் மறுப்பு வந்தபோது எல்சி காலாவதியாகி இரண்டு நாள். அங்கே குளிர் சீசன் முடியும் நேரம், கண்டெய்னர் துறைமுகத்தில் வாடகை ஏறிக்கொண்டு கிடக்கிறது. பையர் ஆறு சதவீதம் தள்ளுபடி கேட்டார். முதலாளி என்னை ஒரு வார்த்தை சொல்லவில்லை, கொடுத்துவிடு என்றார். அன்றைக்கு வாங்கியதுதான் அந்த ஸ்கேல்.

எல்சி கன்ஃபர்ம் பண்ண வேண்டும் என்கிறார்களே, எதற்கு?

எல்சி கொடுத்த பேங்கின் மேலேயோ, அந்த நாட்டின் மேலேயோ நம்பிக்கை இல்லாதபோது. இன்னொரு பேங்க், பெரும்பாலும் உங்கள் நாட்டில் உள்ளது, "அவர்கள் தராவிட்டாலும் நான் தருகிறேன்" என்று தன் வாக்கையும் சேர்ப்பதுதான் கன்ஃபர்மேஷன். அதற்குத் தனிக் கட்டணம், நாட்டின் நிலையைப் பொறுத்துக் கூடும் குறையும்.

2022ல் இலங்கையில் நடந்ததை நாம் பக்கத்திலிருந்து பார்த்தோம். டாலர் கையிருப்பு தீர்ந்துபோய், எரிபொருளும் சமையல் எரிவாயுவும் ஏற்றி வந்த கப்பல்கள் பணம் கட்ட முடியாமல் கொழும்புக்கு வெளியே நங்கூரம் போட்டுக் காத்திருந்தன. ஏப்ரல் 12ம் தேதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிக் கட்டுவதை நிறுத்திவைப்பதாக அரசு அறிவித்தது. அங்கே எல்சி திறந்த வியாபாரி நேர்மையானவராக இருக்கலாம், அவருடைய பேங்கும் ஒழுங்கான பேங்காக இருக்கலாம். நாட்டில் டாலர் இல்லை என்றால் இருவராலும் ஒன்றும் செய்ய முடியாது. நூலும் துணியும் அந்தப் பக்கம் அனுப்புகிறவர்கள் கன்ஃபர்மேஷனின் அருமையை அப்போது புரிந்துகொண்டார்கள்.

அட் சைட், யூசன்ஸ் என்ன வித்தியாசம்?

அட் சைட் என்றால் பேப்பர் சரி என்றதும் பணம். யூசன்ஸ் என்றால் பி.எல். தேதியிலிருந்து 60 நாள், 90 நாள் என்று தவணை. தவணை வரை காத்திருக்க முடியாதவர்கள் பேங்கில் பில்லை டிஸ்கவுண்ட் செய்து, வட்டி போக மீதியை வாங்கிக்கொள்வார்கள். அந்த வட்டியை விலையில் சேர்த்துப் பேசினீர்களா என்று ஆர்டர் எடுக்கும்போதே பாருங்கள்.

எல்சியை வைத்துக் கடன் கிடைக்குமா?

கிடைக்கும். பேக்கிங் கிரெடிட். நூல் வாங்கவும் ஜாப் ஒர்க் கூலி கொடுக்கவும் கப்பலேறும் முன் பேங்க் தரும் கடன். சும்மா ஆர்டர் பேப்பரைவிட நல்ல பேங்கின் எல்சி இருந்தால் பேங்க் மேனேஜருக்குத் தைரியம் அதிகம்.

2018ல் பஞ்சாப் நேஷனல் பேங்கில் நடந்த மோசடி எல்சியில்தானா?

அதில் முக்கியமாகப் பேசப்பட்டது எல்ஓயு, லெட்டர் ஆஃப் அண்டர்டேக்கிங். இறக்குமதியாளருக்கு வெளிநாட்டுக் கிளைகளில் கடன் கொடுக்கச் சொல்லி ஒரு பேங்க் தரும் உறுதி அது. பேங்கின் கணக்கில் ஏறாமல் ஸ்விஃப்டில் மட்டும் செய்தி போனதுதான் அங்கே ஓட்டை. ரிசர்வ் வங்கி 2018 மார்ச் 13 அன்று எல்ஓயுவை நிறுத்தியது. எல்சிக்கும் பேங்க் கேரண்டிக்கும் அந்தத் தடை இல்லை.

நான் ஏற்றுமதி செய்யவில்லை, நிட்டிங் மெஷின் இறக்கப் போகிறேன். எனக்கு எல்சியில் என்ன பாதுகாப்பு?

பேப்பர் கேட்கும் உரிமை உங்களுடையது, அதுதான் பாதுகாப்பு. பேங்க் சரக்கைப் பார்க்காது என்பது இப்போது உங்களுக்கு எதிராக நிற்கிறது. பழைய மெஷினுக்குப் பெயிண்ட் அடித்து அனுப்பினாலும் பேப்பர் சரியென்றால் பணம் போய்விடும். எனவே கப்பலேறும் முன் மூன்றாம் தரப்பு இன்ஸ்பெக்ஷன் போடுங்கள், மெஷினின் சீரியல் நம்பரும் தயாரித்த வருடமும் அந்தச் சர்டிஃபிகேட்டில் வர வேண்டும் என்று எல்சியில் எழுதுங்கள். வெறும் "மெஷின் நல்ல நிலையில் இருக்க வேண்டும்" என்று எழுதி, அதற்கு எந்த டாகுமெண்டும் கேட்காவிட்டால் பேங்க் அந்த வரியைக் கண்டுகொள்ளாது. சி.ஐ.எஃப்., அதாவது கப்பல் கூலியும் இன்சூரன்ஸும் சேர்ந்த விலை என்றால், இன்சூரன்ஸ் அந்த விலையில் குறைந்தது 110 சதவீதத்துக்கு இருக்க வேண்டும் என்பது யுசிபியிலேயே இருக்கிறது. எல்சி திறக்க உங்கள் பேங்க் மார்ஜின் பணம், அதாவது முன்கூட்டியே கட்டி வைக்கும் ஒரு பங்கு, கேட்கும். எவ்வளவு என்பது பேங்க் உங்களுக்கு ஒதுக்கியிருக்கும் லிமிட்டைப் பொறுத்தது.

பேப்பர் கூரியரில் தொலைந்துபோனால்?

எல்சியில் குறிப்பிட்ட பேங்க் பேப்பரைப் பார்த்துச் சரி என்று முடிவு செய்து அனுப்பிய பிறகு வழியில் தொலைந்தால், இஷ்யூயிங் பேங்க் பணம் தர வேண்டும் என்று 35வது பிரிவு சொல்கிறது. நகல் ஒரு செட் எப்போதும் வைத்திருங்கள்.

புதுப் பையர். எல்சி கேட்டால் கோபித்துக்கொண்டு ஆர்டரை வேறு ஆளுக்குக் கொடுத்துவிட மாட்டாரா?

கொடுக்கலாம். பெரிய பிராண்டுகளில் பலர் எல்சி திறப்பதை விட்டு ஓப்பன் அக்கவுண்டுக்குப் போய் வெகுநாளாகிறது. சரக்கு அனுப்பு, 60 நாளில் பணம் என்பார்கள். அவர்களோடு வேலை செய்தால் 1957ல் மத்திய அரசு தொடங்கிய இசிஜிசி என்கிற ஏற்றுமதிக் கடன் உத்தரவாத நிறுவனத்தின் இன்சூரன்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள். பழகிய நடுத்தரப் பையருக்கு டி.பி., அதாவது பேங்கில் பணம் கட்டினால் பேப்பர் என்பது போதும். ஆனால் அங்கே பேங்க் எந்த வாக்கும் தருவதில்லை, அவர் சரக்கு வேண்டாம் என்றால் வேண்டாம்தான். முன்பின் தெரியாத பையரோ, முதல் ஆர்டரோ, பணம் உங்கள் ஒரு வருட லாபத்தைவிடப் பெரிதோ என்றால் எல்சி கேட்கத் தயங்காதீர்கள். கேட்கும்போது, பேங்கில் திறப்பதற்கு முன் டிராஃப்டை உங்களுக்கு அனுப்பச் சொல்லுங்கள். திறந்த பிறகு ஒவ்வொரு அமெண்ட்மென்டுக்கும் கட்டணம் உண்டு, டிராஃப்டில் திருத்தினால் ஒரு மெயிலோடு முடிந்தது. அந்த டிராஃப்ட் வந்ததும் பிரிண்ட் எடுத்து, 47ஏவிலிருந்து படிக்க ஆரம்பியுங்கள்.